வெள்ளரிப் பிஞ்சு ஊறுகாய்: நம் ஊர் வெயிலில் கெடாமல் போடுவது எப்படி?

மூன்று ஜாடி வெள்ளரியைக் குப்பையில் கொட்டிய பிறகுதான் நான்காவது ஜாடி எனக்குச் சரியாக வந்தது. முதல் ஜாடி கொழகொழத்துப் போனது. இரண்டாவதில் பச்சைப் பூஞ்சணம். மூன்றாவது நள்ளிரவில் மூடியைத் தூக்கிக்கொண்டு பொங்கி, அதே அலமாரியில் வைத்திருந்த கேஸ் புத்தகத்தையும் ரேஷன் கார்டையும் நனைத்துவிட்டது.

ஒவ்வொன்றிலும் என் தப்பு ஒன்று இருந்தது. ஆனால் மூன்றுக்கும் பொதுவான காரணம் ஒன்று உண்டு. நான் பார்த்துச் செய்த குறிப்புகள் எல்லாம் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. 'சமையலறை மேடையில் மூன்று வாரம் வைக்கவும்' என்று எழுதியிருப்பார்கள். அவர்கள் சமையலறை 21 டிகிரியில் இருக்கும். திருச்சியில் மேற்கு வெயில் விழும் என் சமையலறை ஏப்ரல் மாதம் 34 டிகிரி. மூன்று வாரம் வைத்தால் என்ன மிஞ்சும்?

இது எண்ணெயும் மிளகாய்த்தூளும் போட்டுத் தாளிக்கிற ஊறுகாய் இல்லை. உப்புத் தண்ணீரில் மூழ்கிக் கிடந்து தானாகப் புளிக்கிற ஊறுகாய். மாவடு போட்டுப் பழகியவர்களுக்குப் பாதி வேலை தெரிந்த வேலைதான். மீதிப் பாதியில் மாவடுப் பழக்கமே காலை வாரிவிடும், அதை அங்கங்கே சொல்கிறேன்.

1. எந்த மாதம் போடுவது

இந்த ஊறுகாய்க்குப் பிடித்த வெப்பம் 21 முதல் 24 டிகிரி. 27-ஐத் தாண்டினால் காய் மெத்தென்று ஆக ஆரம்பிக்கும். நம் பக்கத்தில் அதற்குக் கிட்டத்தட்ட அருகில் வருவது கார்த்திகைக் கடைசியிலிருந்து தை முடிய. ஆனால் பிஞ்சு மலிந்து கிடப்பதோ மாசி, பங்குனி, சித்திரையில். பஸ் ஜன்னலுக்கு வெளியே நாலாகக் கீறி மிளகாய்ப்பொடி தடவி நீட்டுவார்களே, அந்த நாட்களில். காய் கிடைக்கிற நேரத்தில் குளிர்ச்சி இல்லை, குளிர்ச்சி இருக்கிற நேரத்தில் காய் விலை. இந்த இழுபறிதான் இந்த வேலையில் பெரிய தலைவலி.

முதல் ஜாடியை மார்கழியில் போடுங்கள். கிலோவுக்கு இருபது முப்பது ரூபாய் கூடப் போகும், போகட்டும். கை பழகிய பிறகு கோடையில் போடலாம்.

உங்கள் வீடு எவ்வளவு சூடு என்று தெரியாவிட்டால் இட்லி மாவைப் பாருங்கள். மாவைப் புளிக்க வைப்பதும் இந்த வெள்ளரியைப் புளிக்க வைப்பதும் ஒரே வகைக் கிருமிகள், லாக்டிக் அமில பாக்டீரியா. நான் கைக்கணக்காக வைத்திருப்பது இது: இரவு கரைத்த மாவு பொங்க 10, 12 மணி நேரம் எடுத்தால் ஊறுகாய்க்கு 5 முதல் 7 நாள். எட்டு மணி நேரத்தில் பொங்கினால் 4 நாள். ஆறு மணி நேரத்திலேயே பாத்திரத்தை விட்டு வழிந்தால் 2 அல்லது 3 நாள்தான், அதற்கு மேல் வெளியே வைக்கக் கூடாது.

கோடையில் போட்டே ஆக வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி, ஜாடியை அதில் நிறுத்தி, ஈரத் துணியைச் சுற்றி, துணியின் நுனி தண்ணீரில் கிடக்கும்படி விடுவது. மண்பானை குளிர்கிற அதே சங்கதி. திருச்சி, மதுரை போன்ற உலர்ந்த வெயிலில் நன்றாக வேலை செய்யும். சென்னைப் புழுக்கத்தில் அவ்வளவு பலன் இருக்காது. இரண்டாவது, ஜாடியைத் தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து, கூடவே உறைய வைத்த அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று. காலையில் ஒன்று, இரவில் ஒன்று மாற்ற வேண்டும். பெட்டியை மருந்துக் கடையில் கேட்டால் சும்மாவே தருவார்கள். மீன் கடைப் பெட்டியை வாங்கிவிடாதீர்கள், எத்தனை முறை கழுவினாலும் அந்த வாசனை போகாது.

2. காய் வாங்குவது

விரல் நீளம், கட்டைவிரல் மொத்தம். அதற்கு மேல் போகாதீர்கள். காந்தி மார்க்கெட்டில் நான் பெரிதாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கடைக்கார அம்மா கையைத் தட்டிவிட்டார். "தம்பி, தடியா எடுத்தா உள்ள வெதையும் தண்ணியுந்தான் இருக்கும். வெரல் மொத்தத்துல பொறுக்கு." அவர் சொன்னது சாலட்டுக்கு. ஊறுகாய்க்கு இன்னும் பொருந்தும்.

சூப்பர் மார்க்கெட்டில் விற்கும் கரும்பச்சை நீள வெள்ளரி வேண்டாம். தோல் வழவழவென்று இருந்தால் மெழுகு பூசியதாகவும் இருக்கலாம், உப்புத் தண்ணீர் உள்ளே இறங்காது. மஞ்சள் வெள்ளரியும் வேண்டாம், அது சாம்பாருக்கு. வெளிநாட்டுப் பாட்டில்களில் பார்க்கிறோமே குட்டிக் குட்டியாக, அந்தக் கெர்கின் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் விளையத்தான் செய்கிறது. ஆனால் பெரும்பாலும் ஒப்பந்த விவசாயம், வயலிலிருந்து நேரே ஆலைக்குப் போய் கப்பல் ஏறிவிடும். மார்க்கெட்டில் தேடி அலைய வேண்டாம். நம் நாட்டு வெள்ளரிப் பிஞ்சே போதும்.

அன்று பறித்ததா என்று பார்க்க மூன்று அடையாளம்: தோலில் பூனை முடி போன்ற சுணை இருக்க வேண்டும், ஒடித்தால் டக்கென்று சத்தம் வர வேண்டும், நுனியில் காய்ந்த பூ ஒட்டிக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது. ரப்பர் மாதிரி வளைந்தால் விட்டுவிடுங்கள். வாடிய பிஞ்சு எத்தனை நாள் ஊறினாலும் மொறுமொறுப்பு திரும்பாது. காலையில் வாங்கினால் அன்று மாலைக்குள் ஜாடியில் இருக்க வேண்டும். 'சனிக்கிழமை வாங்கி வைத்து ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகப் போடலாம்' என்று நினைத்துத்தான் என் முதல் ஜாடி போனது.

எல்லாம் ஒரே அளவாகப் பொறுக்குங்கள். சின்னது கொழகொழக்கும்போது பெரியது பச்சையாகவே இருக்கும்.

3. சாமானும் செலவும்

என் நான்காவது ஜாடியின் கணக்கு இது. சமையலறை டிஜிட்டல் தராசு 400 ரூபாய். அகல வாய் கொண்ட 2 லிட்டர் கண்ணாடி ஜாடி 220. புளிப்பு அளக்கும் பிஎச் காகிதம் ஒரு கட்டு 150. பிஞ்சு ஒரு கிலோ 60. பூண்டு, கடுகு, மற்ற சில்லறை 30. ஆக 860 ரூபாய். உப்பின் விலையைக் கணக்கில் சேர்க்கவில்லை, இரண்டு ரூபாய்க்குக்கூட வராது. அடுத்த ஜாடியிலிருந்து நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

இந்தப் பட்டியலில் தராசை மட்டும் தவிர்க்காதீர்கள். காற்றுப் போகும் விசேஷ மூடி, கண்ணாடி எடைக்கல் என்றெல்லாம் ஆயிரம் ரூபாய்க்கு ஒரு செட் விற்கிறார்கள். முதல் ஜாடிக்கு அது தேவையே இல்லை.

அரைக் கிலோ போட்டுப் பார்க்க நினைத்தால் பழைய கண்ணாடி ஹார்லிக்ஸ் பாட்டில் போதும், மூடி துருப்பிடிக்காமல் இருந்தால். பாட்டி காலத்துப் பீங்கான் ஜாடி அருமையான பாத்திரம்தான், ஆனால் உள்ளே நடப்பது தெரியாது. புதிதாகச் செய்கிறவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியது நிறைய, அதனால் கண்ணாடி. அலுமினியம், பித்தளை, செம்பு மூன்றும் கூடவே கூடாது. உப்பும் புளிப்பும் சேர்ந்து உலோகத்தை அரித்துவிடும்.

மாஸ்கிங் டேப் ஒரு சுருள் வாங்கி வையுங்கள். ஜாடியின் மேல் ஒரு துண்டு ஒட்டி, போட்ட தேதி, நேரம், எத்தனை கிராம் உப்பு, எத்தனை மில்லி தண்ணீர் என்று எழுதுங்கள். இந்த வேலைக்கு இருக்கிற ஒரே ஆவணம் அதுதான். 'ஞாபகம் இருக்கும்' என்று விட்டுவிட்டேன், மூன்றாம் நாள் போட்டது செவ்வாயா புதனா என்று நானும் அம்மாவும் சண்டை போட்டோம்.

4. உப்பு

இங்கேதான் பெரும்பாலானோர் சறுக்குவார்கள். அம்மாவுக்குக் கண் திட்டம் போதும், ஏனென்றால் அவர் போடும் ஊறுகாயில் உப்பு இரண்டு பங்கு கூடினாலும் எண்ணெயும் புளிப்பும் காரமும் காப்பாற்றிவிடும். இதில் உப்புதான் காவல்காரன். குறைந்தால் கெட்ட கிருமி முந்திக்கொள்ளும், காய் அழுகும். மிகவும் கூடினால் நல்ல கிருமியும் முடங்கிவிடும், புளிப்பே வராது.

அளவு இதுதான்: மார்கழி, தை மாதங்களில் 1 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் உப்பு. வெயில் காலத்தில் 60 கிராம். கரைத்து வாயில் வைத்துப் பார்த்தால் 'ஐயோ, கடல் தண்ணீர்' என்று தோன்றும். பயப்படாதீர்கள். பிஞ்சுக்குள் இருப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். ஒரு கிலோ காயும் ஒரு லிட்டர் தண்ணீரும் ஒன்றோடொன்று கலந்து முடிக்கும்போது கரிப்பு கிட்டத்தட்ட பாதியாகிவிடும். இந்தக் கணக்கு தெரியாமல் 'ரொம்பக் கரிக்கிறதே' என்று நான் தண்ணீர் சேர்த்த ஜாடிதான் பூஞ்சணம் பிடித்தது.

கரண்டியால் அளக்காதீர்கள். ஒரே மேசைக்கரண்டியில் எடை போட்டுப் பார்த்தேன்: தூள் உப்பு 18 கிராம், கல் உப்பு 13 கிராம். மூன்று கரண்டி என்றால் 15 கிராம் வித்தியாசம் வந்துவிடுகிறது. தராசு ஏன் வேண்டும் என்பது இப்போது புரிந்திருக்கும்.

கல் உப்பா, தூள் உப்பா? கல் உப்பு. தூள் உப்பில் கட்டி தட்டாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் தண்ணீரைக் கலங்கடிக்கும். அதனால் கெடுதல் இல்லை, ஆனால் அந்தக் கலங்கல் எது, புளிப்பதால் வரும் கலங்கல் எது என்று புதியவருக்குத் தெரியாது. அயோடின் கலந்த உப்பு கூடாது என்று ஒரு பேச்சு உண்டு. நம் கடைகளில் கிடைக்கிற கல் உப்புப் பொட்டலமே பல அயோடின் சேர்த்ததுதான், அதில் போட்டும் எனக்கு நன்றாகவே புளித்தது. கல் உப்பில் மண்ணும் தூசும் இருக்கும். வெந்நீரில் கரைத்து, அரை மணி நேரம் தெளிய விட்டு, மெல்லிய வெள்ளைத் துணியில் வடிகட்டிவிடுங்கள்.

தண்ணீரும் முக்கியம். கார்ப்பரேஷன் தண்ணீரில் குளோரின் இருக்கும், கொதிக்க வைத்து ஆற விட வேண்டும். போர் தண்ணீர், பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விடுகிற அளவுக்குக் கடினத் தண்ணீர் என்றால், புளிப்பு ஏறுவதையே தடுக்கும். கேன் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று: கரைத்த உப்புத் தண்ணீர் நன்றாக ஆறியிருக்க வேண்டும். வெதுவெதுப்பாக ஊற்றினால் காய் லேசாக வெந்துவிடும். அவசரத்தில் நான் இதையும் செய்திருக்கிறேன்.

5. காயைத் தயார் செய்தல்

மண் போகக் கழுவி, ஐஸ் போட்ட தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டு வையுங்கள். வெயிலில் வந்த பிஞ்சு இதில் விறைப்பாகும்.

அப்புறம் நுனி நறுக்குவது. நம் வீடுகளில் காம்புப் பக்கம் ஒரு துண்டு வெட்டி, அதே துண்டால் வட்டமாகத் தேய்த்து நுரை எடுப்போம், கசப்புப் போகட்டும் என்று. ஊறுகாய்க்கு அதைவிட முக்கியம் எதிர் முனை, பூ இருந்த முனை. காயை மெத்தென்று ஆக்கும் நொதிகள் அங்கேதான் இருக்கின்றன. ஒரு சின்ன வில்லை, இரண்டு மில்லிமீட்டர் கனம், வெட்டி எறிந்துவிடுங்கள். எந்த முனை எது என்று குழம்பினால் இரண்டையும் வெட்டுங்கள். காம்புப் பக்க வில்லையை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் அந்தக் காயை ஒதுக்கிவிடுங்கள், ஊறினால் கசப்பு போகும் என்று நம்பி ஒரு காயையும் உள்ளே விடாதீர்கள்.

தோல் சீவ வேண்டாம். கீற வேண்டாம். முழுசாகவே போடுங்கள்.

மொறுமொறுப்புக்குத் துவர்ப்பு உதவும். மேல்நாட்டில் திராட்சை இலை போடுவார்கள். கம்பம் பக்கம் இருப்பவர்களுக்கு அது கைக்கெட்டும் தூரம்தான், மருந்து அடிக்காத இலையாக இருக்க வேண்டும். எனக்குக் கொல்லைக் கொய்யா இலை கிடைத்தது, இரண்டு கொழுந்து. அதுவும் இல்லையென்றால் அரைத் தேக்கரண்டி டீத்தூளைத் துணியில் முடிந்து போடலாம், நிறம் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். ஒரு வேண்டுகோள்: மொறுமொறுப்புக்குச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊற வைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். சுண்ணாம்பு சரியாகக் கழுவப்படாமல் தங்கிவிட்டால் புளிப்பை முறித்துவிடும். இந்த ஊறுகாய் கெடாமல் இருப்பதே அந்தப் புளிப்பால்தான்.

6. ஜாடியில் அடுக்குவது

ஜாடியைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொதித்த தண்ணீரில் அலசி, வெயிலில் கவிழ்த்து வையுங்கள். ஒரு கிலோ காய்க்கு அடியில் போட வேண்டியவை: தோலுரித்த பூண்டு 8 பல், கடுகு ஒரு தேக்கரண்டி, மிளகு ஒரு தேக்கரண்டி, காய்ந்த மிளகாய் 3, சதகுப்பை விதை (ஆங்கிலத்தில் டில்) ஒரு தேக்கரண்டி, மேலே சொன்ன துவர்ப்பு இலை. சதகுப்பையை மளிகைக் கடையில் கேட்டால் விழிப்பார்கள், நாட்டு மருந்துக் கடையில் பத்து இருபது ரூபாய்க்குக் கிடைக்கும். வெளிநாட்டு வெள்ளரி ஊறுகாயின் அந்தத் தனி வாசனை இந்தச் செடியுடையதுதான். கீரையாகக் கிடைத்தால் ஒரு கைப்பிடி போடுங்கள், இன்னும் நன்றாக இருக்கும்.

காய்களைச் செங்குத்தாக, நெருக்கி அடுக்குங்கள். ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றால் மேலே மிதக்காது. உப்புத் தண்ணீரில் லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி வினிகர் கலந்து ஊற்றுங்கள். பழகியவர்கள் வினிகர் சேர்க்க மாட்டார்கள், ஆனால் முதல் இரண்டு நாள் கெட்ட கிருமிகளை இது தள்ளி வைக்கும். காய்க்கு மேல் இரண்டு விரற்கடை தண்ணீர் நிற்க வேண்டும். ஜாடியின் கழுத்தில் மூன்று விரற்கடை காலி இருக்க வேண்டும். அது பொங்குவதற்கான இடம்.

காய் எதுவும் தலை காட்டக் கூடாது. தண்ணீருக்கு வெளியே நீட்டிய நுனியில்தான் பூஞ்சணம் முதலில் உட்காரும். சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து அழுத்தலாம். ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் அதே உப்புத் தண்ணீரை நிரப்பி மேலே வைக்கலாம். பையில் வெறும் தண்ணீர் வேண்டாம், ஓட்டை விழுந்தால் ஜாடியின் உப்பு குறைந்துவிடும்.

இந்த இடத்தில்தான் அம்மா வந்து நின்றார். "மேல கொஞ்சம் நல்லெண்ணெய் ஊத்துடா, பூஞ்சணம் பிடிக்காது." மாங்காய்க்குச் சரி. இதற்கு வேண்டாம். எண்ணெய்ப் படலம் குமிழ் வருவதையும் மறைக்கும், மேலே என்ன படிகிறது என்று பார்க்கவும் விடாது, கொஞ்ச நாளில் சிக்கு வாடை வேறு.

மூடியை இறுக்காதீர்கள். மேலே வைத்து ஒரு சுற்று மட்டும். அடியில் ஒரு தட்டு. பக்கத்தில் ரேஷன் கார்டு வேண்டாம்.

7. நாள் கணக்கு

முதல் நாள் ஒன்றும் நடக்காது. திறந்து திறந்து பார்க்காதீர்கள்.

இரண்டாம் நாள் ஜாடியைக் காதருகே வைத்தால் சோடா மாதிரி மெல்லிய சத்தம் கேட்கும். காய்களுக்கு நடுவில் குமிழ்கள் கோத்தாற்போல் ஏறும். அன்றிலிருந்து காலையும் இரவும் மூடியைத் தளர்த்தி உள்ளே சேரும் வாயுவை வெளியே விடுங்கள். ரப்பர் வளையமும் கம்பிப் பூட்டும் வைத்த ஜாடி என்றால் மறக்கவே கூடாது. என் மூன்றாவது ஜாடி அந்த வகைதான்.

மூன்றாம் நாள் தண்ணீர் நீராகாரம் போலக் கலங்கும். இது நல்ல செய்தி. நான் இதைப் பார்த்துவிட்டு 'கெட்டுப்போச்சு' என்று ஒரு முறை கொட்டப் போனேன். அடியில் வெள்ளை மாவு போலப் படிவதும் சரியே. பூண்டு சில சமயம் நீலப் பச்சையாக மாறும், புளிப்பு பட்டால் அப்படித்தான், சாப்பிடலாம். காயின் பளிச்சென்ற பச்சை போய் ஆலிவ் நிறத்துக்கு, ஊறிய நெல்லிக்காய் நிறத்துக்கு வரும்.

நான்காம் நாளிலிருந்து (கோடையில் இரண்டாம் நாள் மாலையிலிருந்தே) தினம் ஒரு காயை எடுத்து நடுவில் வெட்டுங்கள். வில்லையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். ஓரம் கண்ணாடி மாதிரி தெளிந்தும், நடுவில் பச்சைக் காயின் வெண்மை திட்டாகவும் தெரியும். உப்பும் புளிப்பும் உள்ளே போகப் போக அந்த வெள்ளைத் திட்டு சுருங்கும். பாதி சுருங்கியிருந்தால் அரைப் புளிப்பு, கடித்தால் இன்னும் வெள்ளரி வாசம் இருக்கும். எனக்கு இதுதான் பிடிக்கும். முழுக்கத் தெளிந்துவிட்டால் முழுப் புளிப்பு.

நாக்கை மட்டும் நம்பாமல் பிஎச் காகிதத்தை ஒரு முறை நனைத்துப் பாருங்கள். எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். 4.6-க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும், அதற்கு மேல் இருந்தால் ஆபத்தான கிருமிகளுக்கு இடம் உண்டு. காகிதத்தின் நிறம் துல்லியமாகச் சொல்லாது, ஆகவே 4 என்று காட்டும்வரை காத்திருங்கள். 4 வந்ததும் ஃபிரிட்ஜுக்கு.

8. எப்போது கொட்ட வேண்டும்

மேலே மெல்லிசாக, சுருக்கம் விழுந்த பால் ஆடை போல வெள்ளைப் படலம் வந்தால் அது ஒரு வகை ஈஸ்ட். கெடுதல் இல்லை, சுவையைக் கெடுக்கும். கரண்டியால் வழித்துவிட்டு, அழுத்தக் கிண்ணத்தைக் கழுவி வையுங்கள்.

பஞ்சு போலப் புசுபுசுவென்று, பச்சையாகவோ கறுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ எழும்பியிருந்தால் பூஞ்சணம். மேலே இருப்பதை மட்டும் எடுத்துவிட்டு மீதியைச் சாப்பிடலாம் என்று சமாதானம் செய்துகொள்ளாதீர்கள். மொத்தமும் குப்பைக்கு. காய் விரலுக்கு வழுக்கினாலும், தண்ணீர் கஞ்சி போல இழுத்தாலும், புளித்த வாசனைக்குப் பதிலாக அழுகல் நாற்றம் வந்தாலும் அதே கதிதான். அறுபது ரூபாய்க் காய்க்காக வயிற்றைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

நாற்றமும் இல்லை, வழுக்கலும் இல்லை, வெறுமனே மெத்தென்று இருக்கிறது என்றால் பிஎச் சரியாக இருக்கும் பட்சத்தில் சாப்பிடலாம். பொடியாக நறுக்கித் தயிர்ப் பச்சடியில் போட்டால் யாருக்கும் தெரியாது.

9. ஃபிரிட்ஜில் வைத்த பிறகு

அதே தண்ணீரோடு, காய் மூழ்கியபடி, அடித் தட்டில். புளிப்பு நிற்காது, மெதுவாகும். இரண்டு மாதம் நன்றாக இருக்கும். அதற்கு மேல் என் வீட்டில் எந்த ஜாடியும் மிஞ்சவில்லை. மாங்காய் ஊறுகாயில் ஈரக் கரண்டி ஆகாது என்பார்கள். இதில் ஈரம் பிரச்சினை இல்லை, எச்சில் கரண்டியும் கையும்தான் பிரச்சினை.

வெளியே அலமாரியில் ஆறு மாதம் வைக்க பாட்டிலோடு கொதிக்க வைத்து மூடும் முறை ஒன்று இருக்கிறது. அதற்கு நேரம், வெப்பம், மூடி எல்லாம் துல்லியமாக இருக்க வேண்டும். முதல் வருடம் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

தயிர் சாதத்துக்கு ஒரு காய் போதும். உப்பு அதிகம், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வீட்டில் இருந்தால் ஜாடியைப் பார்த்து எடுத்து வையுங்கள்.

10. அக்னி நட்சத்திரத்தில்: வினிகர் முறை

மே மாதத்தில் நான் புளிக்க வைப்பதே இல்லை. அரைக் கிலோ பிஞ்சை வட்டமாக நறுக்கி, 10 கிராம் உப்புப் பிசிறி ஒரு மணி நேரம் வைத்து, விட்ட தண்ணீரை வடித்துவிடுங்கள். வினிகர் 300 மில்லி, தண்ணீர் 100 மில்லி, சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி, கடுகு, மிளகு, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் சேர்த்து ஒரு கொதி. சூடாகவே காயின் மேல் ஊற்றி, ஆறியதும் ஃபிரிட்ஜில். மறுநாள் சாப்பிடலாம், மூன்று வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

இதிலும் ஒரு குழி இருக்கிறது. வெளிநாட்டுக் குறிப்புகள் 5 சதவீத வினிகரை மனதில் வைத்துப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலக்கச் சொல்லும். நம் கடைகளில் கிடைக்கிற வெள்ளை வினிகர் பல 4 சதவீதம்தான். அதனால்தான் மேலே தண்ணீரைக் குறைத்திருக்கிறேன். லேபிளைப் படித்துவிட்டு ஊற்றுங்கள்.

11. விற்கலாமா என்று கேட்பவர்களுக்கு

நான்கு ஜாடி நன்றாக வந்ததும் பக்கத்து வீட்டு அக்கா, "போட்டுக் கொடு, காசு தர்றேன்" என்றார். வீட்டிலிருந்து விற்றாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு வேண்டும். விண்ணப்பம் ஃபாஸ்காஸ் என்ற அரசு இணையதளத்தில். சிறிய அளவில் விற்பவருக்கான பதிவுக்கு முக்கியமாகக் கேட்பது பாஸ்போர்ட் அளவு போட்டோவும் அடையாள அட்டையும்தான். நான் விசாரித்தபோது கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய். இடைத்தரகர்கள் இதையே இரண்டாயிரம் என்று சொல்வார்கள், நீங்களே போடலாம். ஆனால் புளித்துக்கொண்டே இருக்கிற ஜாடியைப் பையில் போட்டு அனுப்பினால் வழியில் பொங்கும். விற்பதென்றால் வினிகர் முறையிலிருந்து தொடங்குங்கள்.

நான் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. அக்காவுக்கு ஒரு கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தேன். போன மாதம் போன கிண்ணம், இன்னும் திரும்பி வரவில்லை.